வாலாஜாவில் யாருக்கும் வாலாஜா என்று பேரில்லை

அமெரிக்காவில் என் மகளுக்குப் பெயர் ‘ஃப்னு’. மேல்படிப்புக்குப் போன மூன்றாவது வாரம் போனில் சொன்னாள். அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்கிற கட்டம் காலி. நாங்கள்தான் காலியாக விட்டோம். நம் ஊரில் அதை ஒரு குறையாக யாரும் நினைப்பதில்லை. அமெரிக்க விசாவில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட மாட்டார்கள். இருக்கிற ஒரே பெயரை எடுத்துக் குடும்பப்பெயர் இடத்தில் வைத்துவிட்டு, முதல் பெயர் வரவேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்துவிடுகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அது விசாவிலிருந்து கல்லூரிப் பதிவேட்டுக்கும், அங்கிருந்து அடையாள அட்டைக்கும் போய்ச் சேர்ந்து, வருகைப் பட்டியல் படித்தவர் “ஃப்னு யார்?” என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேர் கையைத் தூக்கினார்களாம். இரண்டு பேரும் தமிழ்நாடு.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை வீட்டில் சண்டை போட்டு வைத்த பெயர் அது. அதைப் பக்கத்துக் கட்டத்தில் தள்ளிவிட்டு, ‘தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். “பாஸ்போர்ட் மாத்தும்போது அந்தக் கட்டத்துல என்னப்பா போடறது? உங்க பேரைப் போட்டா இங்க எல்லாரும் என்னை உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நமக்குன்னு ஒரு குடும்பப் பேரு எப்பவாவது இருந்துச்சா?” என்று கேட்டாள். இருந்ததில்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது உண்மையா என்ற சந்தேகம் வந்தது.

தாத்தா பெயருக்குப் பின்னால் முதலியார் இருந்தது. அப்பா அதை வெட்டிவிட்டார். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அந்தக் காற்று குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர இன்னும் இருபது வருஷம் ஆனது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகளுக்கு அந்தப் பட்டத்தைத் திரும்ப ஒட்டவைக்கிற யோசனை எனக்கு ஒரு நிமிஷம்கூட வரவில்லை. (ஒட்டவைத்துக்கொண்ட சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். விசாவுக்காக என்கிறார்கள். சரி.) ஆனால் தாத்தா பெயருக்கு முன்னால் இருந்ததைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அவர் பெயருக்கு முன் இரண்டு எழுத்து உண்டு. இரண்டாவது அவர் அப்பா பெயர். முதலாவது என்ன?

டிரங்குப் பெட்டி

அத்தை வீட்டில் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். ராஜா தலை போட்ட முத்திரைத்தாளில் 1934-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று, மடித்த இடமெல்லாம் கிழிந்து, நாலு துண்டாக இருந்தது. வடஆற்காடு ஜில்லா குடியாத்தம் தாலுக்கா என்று தொடங்கி, இன்ன தெருவில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம் என்று நீண்டு போகிற ஒரே வாக்கியம். அதில் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு முன்னால் ‘வாலாஜா’ என்று இருந்தது. பெட்டியின் அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கிடைத்தது. தாத்தா லுங்கி வியாபாரம் செய்தபோது பில்லில் குத்தியது. அதில் இங்கிலீஷில் டபிள்யூ என்று தொடங்கும் இனிஷியல். படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். “டபிள்யூவா? தமிழ்ப் பேருக்கு டபிள்யூ எப்படிப்பா வரும்?” என்றாள்.

அத்தைக்கு எண்பத்தி நாலு வயது. பத்திரத்தை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுக்கு இன்னாத்துக்குடா பொட்டிய இறக்குன? என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா? நம்ம வூட்ட வாலாஜாக்காரவூடுன்னுதானே சொல்லுவாங்க. எங்க நைனா பாவு நீட்டுனாருன்னா, ‘வாலாஜாக்காரவூட்டுப் பாவு காயுது, மாட்ட அந்தாண்ட ஓட்டு’ன்னு கத்துவாங்க.” விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகிற நீள இழைகளை, இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஆள் மாற்றி ஆள் தேய்த்துக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். சின்ன வயதில் நானும் அந்தப் பாவுக்கு அடியில் குனிந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அது யார் வீட்டுப் பாவு என்று தெருவே கூப்பிட்ட பெயர்தான் என் காதில் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் அப்பா. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு இனிஷியல் போதும் என்று வாத்தியார் சொன்னாராம், அப்பா தலையாட்டினாராம். முதலியாரை வெட்டியதற்கு ஒரு கொள்கை இருந்தது. வாலாஜா போனதற்கு எந்தக் கொள்கையும் கிடையாது. பதிவேட்டில் அந்தக் கட்டம் சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் எதிர்வீடு தெலுங்கு பேசுகிற குடும்பம். சித்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தாலுக்காவில் அது சகஜம். அவர்களுக்கு இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர், உண்டு, அதை விடவும் இல்லை. பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வியே இண்டிபேரு என்ன என்பதுதான். ஒரே இண்டிபேரு என்றால் பங்காளி; காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். கல்யாணம் ஆனால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டு இண்டிபேரு வந்துவிடும். ஆக, அங்கே அந்தப் பெயருக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த வேலையைக் குலதெய்வம் பார்த்துக்கொள்கிறது. எந்தக் கோயிலில் மொட்டை அடிக்கிறீர்கள் என்று கேட்டால் போதும், பங்காளியா இல்லையா என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அது காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயில். வேலூர் தாண்டி, ஆற்காடு தாண்டி, வாலாஜாவும் தாண்டிப் போக வேண்டும். வாலாஜாக்காரர்கள் ஏன் வாலாஜாவைத் தாண்டிப் போய் மொட்டை அடிக்கிறார்கள் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பத்திரத்தின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான் செய்த தப்பு. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அன்று ராத்திரியே எழுதிவிட்டார்: ஆற்காட்டு நவாபு பட்டு நெய்வதற்காக நம் முன்னோர்களைப் பல்லக்கு அனுப்பி அழைத்துவந்து வாலாஜாவில் குடியமர்த்தினார். மறுநாள் குழுவின் பெயர் ‘வாலாஜா ராயல் ஃபேமிலி’ என்று மாறியிருந்தது. அந்த ஊருக்குப் பெயர் வந்த கதை ஊரறிந்தது. 1749 முதல் 1795 வரை ஆற்காட்டு நவாபாக இருந்த முகமது அலிக்கு வாலாஜா என்று பட்டம். அவர் பெயரில் பேட்டை. அதற்குமேல் பல்லக்குக்கு ஆதாரம் அண்ணனுடைய ஃபார்வர்ட் மட்டும்தான்.

குழிக்கு மேலே கட்டில்

ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். குடியாத்தத்திலிருந்து வேலூர், அங்கிருந்து வாலாஜா பஸ். வாலாஜாவை இப்போது பார்த்தால் நம்பத் தோன்றாது, 1866-லேயே நகராட்சியான ஊர். மேட்டுப்பகுதிச் சரக்கும் கடற்கரைச் சரக்கும் வந்து கைமாறிய சந்தை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றதும் வாலாஜா பேரில்தான். ஆனால் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, தள்ளி இருக்கிறது. பெயர் வாலாஜா ரோடு. அந்த ‘ரோடு’ என்ற சொல்லில்தான் ஊரின் பிழைப்பு போனது. ரயில் வந்தபின் சரக்கு ஊருக்குள் வந்து இறங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில், “இங்கேயிருந்து குடியாத்தம் போன வாலாஜாக்காரர் வீடு எதுன்னு தெரியுமா?” என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “சார், இங்க நாங்க எல்லாருமே வாலாஜாக்காரங்கதான்.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வாலாஜாவில் போய் வாலாஜாக்காரரைத் தேடியிருக்கிறேன்.

பழைய தறிக்காரர் ஒருவர் இருக்கிறார், தொண்ணூறு தாண்டியவர் என்று ஒரு பையன் கூட்டிப்போனான். நீளமான வீடு. நடு அறையில் குழித்தறி இருந்த இடம் அப்படியே தெரிந்தது. குழியைக் கடப்பைக்கல் போட்டு மூடி, அதற்கு மேலே கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலில் பெரியவர். கால் வைத்து மிதித்த குழிக்கு மேலேயே இப்போது படுத்திருக்கிறார். கல்லின் ஒரு மூலை சரியாக உட்காரவில்லை. அந்த இடுக்கில் யாரோ பழைய தினசரியை மடித்துச் செருகியிருந்தார்கள்.

நான் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொன்னேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பத்திரத்தின் படத்தைக் காட்டினேன், போனைத் தள்ளிவிட்டார். “அதெல்லாம் இருக்கட்டும். மொட்டை எங்க அடிப்பீங்க?” என்றார். சொன்னேன். ஏரிக்கரை, சின்ன கோயில், வேப்பமரம்.

“அப்படிச் சொல்லு. காவேரிப்பாக்கத்தார் வூடு நீ.”

எங்கள் வீட்டை வாலாஜாக்காரர் வீடு என்று சொல்வார்கள் என்றேன். “வாலாஜாவுல யாருக்குடா வாலாஜான்னு பேரு? நீங்க காவேரிப்பாக்கத்துலருந்து வந்தவங்க. தெருவுல கடைசி வூடு. எங்க தாத்தா சொல்லுவாரு.” கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய் ஓரமாகச் சிரித்தார். “நூல்கடைக்காரன்கிட்ட கடன். பாவு தறியிலேயே கிடக்குது, பாதி நெய்ஞ்சது. ராத்திரியோட ராத்திரியா வண்டி கட்டிக்கினு பூட்டாங்க. காலையில நூல்கடைக்காரன் வந்து பார்த்தா, அறுத்த பாவுதான் தொங்குது. இப்ப இன்னா, கடனக் கட்ட வந்தியா?”

அவருடைய மருமகள் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பல்லக்கு மட்டும் நினைவுக்கு வந்தது.

ஆற்காட்டுப் பாலத்தில்

திரும்பி வரும்போது ராணிப்பேட்டை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது, முன்னால் ஏதோ லாரி. கீழே ஆறு முழுக்க மணலும் கருவேலமும். எதிரே ஆற்காடு. இந்த ஊர்ப்பெயரைத் தலையில் வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஆற்காடு ராமசாமி முதலியார், ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். இரட்டைப் பிள்ளைகள். ஒருவர் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர், இன்னொருவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 ஆண்டு துணைவேந்தர். இருவரும் 1887-ல் பிறந்தது கர்நூலில். ஆற்காட்டிலேயே இருந்திருந்தால் அவர்களை ஆற்காடு என்று யார் கூப்பிட்டிருப்பார்கள்? ஆற்காட்டு இளவரசர் பட்டம் இன்றும் இருக்கிறது, அரண்மனை இருப்பது சென்னை ராயப்பேட்டையில். வடஆற்காடு ஜில்லாவின் தலைநகரம்கூட ஆற்காடு இல்லை. 1911 வரை சித்தூர், அதன்பிறகு வேலூர். இப்போது ஆற்காடு இருப்பது ராணிப்பேட்டை மாவட்டத்தில். அந்தப் பெயரை ஊரைத் தவிர எல்லாரும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் எங்கள் ஜில்லாக்காரர்தான். 1888-ல் பிறந்த திருத்தணி அப்போது வடஆற்காட்டில் இருந்தது. சர்வபள்ளி இருப்பது நெல்லூர்ப் பக்கம். அங்கிருந்து கிளம்பி வந்த குடும்பம் என்பதைத் திருத்தணியில்தானே சொல்ல வேண்டியிருந்தது. அவர் படித்த வேலூர் ஊரிஸ் கல்லூரியில்தான் நானும் படித்தேன். மூன்று வருஷம் அந்தப் பெயரை ஊர் என்ற சொல்லோடு சேர்த்து ஏதோ தமிழ்ப் பெயர் போலவே சொல்லிக்கொண்டு திரிந்தோம். அது வூர்ஹீஸ், பணம் கொடுத்த அமெரிக்கத் தம்பதியின் குடும்பப்பெயர், டச்சு வழி வந்தது. ஹீஸ் என்ற ஊருக்கு முன்னால் இருந்தவர்கள் என்று பொருள். ஆக அதுவும் ஊர்ப்பெயர்தான். ஹாலந்தில் ஒரு கிராமத்தின் முகப்பில் இருந்தவர்கள் கடல் தாண்டி அமெரிக்கா போய், அந்தப் பெயர் இன்னொரு கடல் தாண்டி வந்து, வேலூரில் கால்சட்டைப் பையன்கள் வாயில் ஊரிஸ் ஆகியிருக்கிறது.

லாரி நகர்ந்தது. அதுவரை நான் நினைத்திருந்தது, ஊர்ப்பெயர் என்பது நாம் விட்டுவந்த ஊரின் ஞாபகமாக நாமே கட்டிக்கொண்டு வருவது என்று. கொள்ளுத்தாத்தா நூல்கடைக்காரனுக்குப் பயந்து ஓடிவந்தவர். வாலாஜா என்ற சொல்லையே அவர் வாயில் எடுத்திருக்க மாட்டார். தெருவில் புதிதாக வந்து குழி தோண்டித் தறி போட்டவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் குடியாத்தம் வைத்த பெயர் அது. குடியாத்தத்தின் பழைய பெயரே குடியேற்றம். அங்கே வந்து இறங்கினவனிடம், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காமல் விடுவார்களா? அந்தப் பெயர் வேண்டாம் என்று மறுக்கிற நிலையிலும் அவர் இல்லை. இரண்டாவது தலைமுறையில் அதே பெயர் ரப்பர் ஸ்டாம்பில் ஏறி, நாலாவது தலைமுறையில் ராயல் ஃபேமிலி ஆகிவிட்டது.

கடன் கதையைக் குழுவில் எழுதினேன். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, அந்தப் பெரியவருக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் குழம்பியிருக்கும் என்று எழுதினார். அத்தையிடம் நேரிலேயே சொன்னேன். “கடன் இல்லாத தறிக்காரன் எவன்டா?” என்று முடித்துவிட்டாள்.

தை மாதம் தம்பி பேரனுக்குக் காதுகுத்து. காவேரிப்பாக்கம் போனோம். பூசாரி ஒரு நீளமான கணக்குப் புத்தகம் வைத்திருந்தார், எந்த வீட்டார் எப்போது என்ன கொடுத்தார்கள் என்று எழுதிவைக்கிற புத்தகம். பொங்கல் வைக்கிற புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே எங்கள் பக்கத்தைத் தேடினேன். பூசாரி தன் விரலால் காட்டினார். ‘குடியாத்தத்தார்’ என்று எழுதியிருந்தது. காவேரிப்பாக்கத்தில் போய் நான் காவேரிப்பாக்கத்தான் என்று சொன்னால் டீக்கடையில் சிரித்த மாதிரியேதான் சிரிப்பார்கள். அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தோம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் இன்னொரு ஊரைக் காட்டுவார், அந்த ஊரில் போய் நிற்க வேண்டும். மொட்டை அடித்த குழந்தை வேறு அழுதுகொண்டிருந்தது.

மகள் கடைசியில் என் பெயரைத்தான் போட்டாள். பாஸ்போர்ட்டில் ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராக ஏற்ற வேண்டுமென்றால் ஆதாரம் காட்ட வேண்டும். நாலு துண்டாகக் கிழிந்த 1934 பத்திரத்தை எந்த அதிகாரியிடம் காட்டுவது? அப்பா பெயர் என்றால் பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது. ஃப்னு ஒழிந்தது. இப்போது அவளுடைய பேராசிரியர் அனுப்புகிற கடிதங்கள் எல்லாம் என் பெயருக்கு முன்னால் மிஸ் போட்டுத் தொடங்குகின்றன. அவள் அதைப் படமெடுத்து அனுப்பும்போதெல்லாம் யாரோ என்னைத் திட்டுகிற மாதிரியே இருக்கிறது.

வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சொந்தம் முழுக்க ஊருக்கு வந்திருந்தது, திண்ணையில் உட்கார இடமில்லை. ஊர்வலம் வருவதற்குள் மகளை வீடியோவில் கூப்பிட்டு அத்தையிடம் போனைக் கொடுத்தேன். அவள் பின்னால் அறையில் இரண்டு பெண்கள், ஒருத்தி மதுரை, ஒருத்தி கோயம்புத்தூர். யாரோ அந்தப் பக்கமிருந்து “ஏய் வேலூர், தோசை கருகுது” என்று கத்தினார்கள். அத்தை காதைக் கொஞ்சம் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“யாரடி கூப்புடறாங்க?”

“என்னைத்தான் பாட்டி. குடியாத்தம்னு சொன்னா இங்க யாருக்கும் தெரியல. வேலூர்னு சொன்னேன். அப்புறம் அதையே பேரா வெச்சுட்டாங்க.”

அத்தை என் பக்கம் திரும்பினாள். “வேலூராமே? நமக்கும் வேலூருக்கும் இன்னாடா சம்பந்தம்? ஆஸ்பத்திரிக்குப் போவோம், வருவோம். போய் அவகிட்ட சொல்லுடா, நாம வாலாஜாக்காரங்கன்னு.”

தெருமுனையில் பம்பைச் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். போன் திண்ணையிலேயே கிடந்தது, அதற்குள் என் மகள் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.